பாதி தெரிந்ததுதான் தடுக்கிவிடும்: கோபோல்காரர்கள் ஜாவா கற்பது பற்றி

(சென்னையில் மென்பொருள் துறையினரும் பொறியியல் மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



உள்ளே வரும்போது வாசலில் ஒரு தம்பி கேட்டார்: "சார், கோபோல் இன்னுமா ஓடுது?" ஓடுகிறது தம்பி, நன்றாகவே ஓடுகிறது. அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியக் கணக்கும், பெரிய வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள் பலவற்றின் இரவு நேரக் கணக்கு முடிப்பும் இன்றைக்கும் அதில்தான் நடக்கின்றன. 2020 ஏப்ரலில், கொரோனாவால் வேலையிழந்தவர்கள் லட்சக்கணக்கில் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது, நியூ ஜெர்சி மாநில ஆளுநர் ஃபில் மர்ஃபி செய்தியாளர்கள் முன்னால் நின்று, கோபோல் தெரிந்த தன்னார்வலர்கள் வேண்டும் என்று கேட்டார். மருத்துவர்களையும் செவிலியர்களையும் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் பட்டியலில் கோபோல்காரரும் சேர்ந்துகொண்டார்.

அந்த மொழி பிறந்த கதையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். 1959 மே மாதம் பென்டகனில் கணினி நிறுவனங்களும் அரசுத் துறைகளும் கூடி, வணிகக் கணக்குக்கென்று எல்லா இயந்திரத்துக்கும் பொதுவாக ஒரு மொழி வேண்டும் என்று தீர்மானித்தார்கள். கிரேஸ் ஹாப்பர் அதற்கு முன்பே செய்து வைத்திருந்த ஃப்ளோ-மேட்டிக் என்ற மொழி அதற்கு வழிகாட்டியது. 1960 டிசம்பரில் ஆர்.சி.ஏ. இயந்திரம் ஒன்றிலும் யுனிவாக் இயந்திரம் ஒன்றிலும் ஏறக்குறைய ஒரே புரோகிராமை ஓட்டிக் காட்டினார்கள். ஒரு நிறுவனத்தின் இயந்திரத்துக்கு எழுதியதை இன்னொன்றில் ஓட்டவே முடியாது என்றிருந்த காலத்தில் அது பெரிய சாதனை.

நம்முடைய கதை அதற்கு நாற்பது ஆண்டு கழித்துத் தொடங்குகிறது. 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது இரண்டே இலக்கத்தில் ஆண்டை எழுதி வைத்திருந்த பழைய புரோகிராம்கள் குழம்பிப் போகும் என்று உலகமே பயந்தது. திருத்துவதற்கு ஆள் வேண்டும். சிவில் படித்தவர், மெக்கானிக்கல் படித்தவர், கணிதத்தில் எம்.எஸ்ஸி. முடித்தவர் என்று பலரும் கோபோல் வகுப்புக்குப் போனார்கள். இரண்டு மூன்று மாதப் பயிற்சி, பிறகு நேராக வேலை. ஒய்-டூ-கே முடிந்தது; வேலை முடியவில்லை. அதே வாடிக்கையாளர், அதே புரோகிராம், பராமரிப்பு என்ற பெயரில் கால் நூற்றாண்டு. அன்றைக்கு இருபத்திரண்டு வயதில் சேர்ந்தவருக்கு இன்றைக்கு ஐம்பதை ஒட்டிய வயது. அவரிடம்தான் இப்போது மேலாளர் வந்து, "சார், புராஜெக்ட் ஜாவாவுக்கு மாறுது, அடுத்த வாரத்திலிருந்து டிரெயினிங்" என்கிறார்.

அந்தப் பயிற்சி எப்படி நடக்கிறது, எப்படி நடக்க வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

பத்து நாள் வகுப்பு. முதல் நாள் "ஹலோ வேர்ல்ட்". இரண்டாம் நாள் ஆப்ஜெக்ட் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க 'விலங்கு' என்று ஒரு கிளாஸ், அதிலிருந்து பிறக்கும் 'நாய்' என்று ஒரு கிளாஸ், நாய்க்குக் 'குரை' என்று ஒரு மெத்தட். உலகம் முழுக்க இதே நாய்தான் குரைத்துக்கொண்டிருக்கிறது. ஆயுள் காப்பீட்டு பிரீமியக் கணக்கிலேயே இருபத்தைந்து ஆண்டு ஊறிய ஒரு பெண்மணி என் வகுப்பில் அமைதியாகக் கேட்டார்: "சார், இந்த நாயை வெச்சு நான் பிரீமியம் எப்படிப் போடறது?" வகுப்பு சிரித்தது. ஆனால் கேள்வி நியாயமானது. அவருக்குத் தெரிந்த உலகத்திலிருந்து ஒரு பொருளைக்கூட எடுக்காமல் பாடம் நடத்தினால், அவர் அங்கே வெறும் புதுமுகம். புதுமுகமாக இருப்பதில் தவறில்லை. ஆனால் அவர் புதுமுகம் இல்லையே!

புதிதாக எதையுமே அறியாதவருக்கு ஜாவா சொல்லிக்கொடுப்பது ஒரு வேலை. கோபோல் அறிந்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது வேறு வேலை. இரண்டாமவருக்கு முற்றிலும் புதிய விஷயங்கள் பெரிய தொல்லை தருவதில்லை. அப்படியே மாறாமல் வரும் விஷயங்களும் தொல்லை இல்லை. பார்த்தால் பழையது போலவே இருந்து, உள்ளே வேறாக நடந்துகொள்கிறதே, அதுதான் ஆளைக் கவிழ்க்கும். இது என் அனுபவம் மட்டும் அன்று. ஆம்ஸ்ட்ராங், ஹார்ட்கிரேவ் என்ற இரு ஆய்வாளர்கள் 2007-இல் எம்.ஐ.எஸ். குவாட்டர்லி இதழில் இதைப் பற்றியே எழுதினார்கள். பழைய முறையில் ஊறியவர்கள் ஆப்ஜெக்ட் முறைக்கு மாறும்போது, 'இது புதிது' என்று கருதிய கருத்துகளிலும், 'இது அதேதான்' என்று கருதியவற்றிலும் நன்றாகவே தேறினார்கள். 'இது நமக்குத் தெரிந்ததுதான், கொஞ்சம் மாறியிருக்கிறது' என்று நினைத்தவற்றில்தான் மதிப்பெண் குறைந்தது. பழைய அறிவு வந்து குறுக்கே நின்றுவிடுகிறது.

ஒரு உதாரணத்தை நிதானமாகப் பார்ப்போம். மெயின்ஃப்ரேம்காரர்களுக்கு உடனே புரியும். மாணவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

வாடிக்கையாளர் ஒருவர் முகவரி மாற்றக் கேட்கிறார். மாற்றுவதற்கு முன் பழைய விவரத்தை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மாற்றிய பின் இரண்டையும் ஒப்பிட்டு, எது மாறியது என்று தணிக்கைக் கோப்பில் எழுத வேண்டும். கோபோலில் 'மூவ் கஸ்டமர்-ரெக் டு ஓல்டு-ரெக்' என்று ஒரு வரி. கஸ்டமர்-ரெக்கில் இருக்கும் அத்தனை பைட்டும் ஓல்டு-ரெக்குக்கு நகலாகிவிடும். அதன் பிறகு ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அசையாது. இதைச் செய்து செய்து பழகியவர் ஜாவாவில் என்ன எழுதுகிறார்? 'ஓல்டு = கஸ்டமர்' என்கிறார். கம்பைலர் ஏற்றுக்கொள்கிறது. புரோகிராம் ஓடுகிறது. முகவரி மாறுகிறது. தணிக்கைக் கோப்பு மட்டும் காலியாக இருக்கிறது! ஏனென்றால் ஜாவா அங்கே எதையும் நகலெடுக்கவில்லை. ஒரே ரெக்கார்டுக்கு இரண்டு பெயர் வைத்துவிட்டது. புதிய முகவரியை ஒரு பெயர் வழியாக எழுதினால் மற்றப் பெயரிலும் அதுவே தெரியும். ஒப்பிட்டால் வித்தியாசம் இல்லை, எனவே எதுவும் மாறவில்லை என்று புரோகிராம் முடிவு கட்டுகிறது.

இதில் கொடுமை, எங்கும் பிழைச்செய்தி வராது. மெயின்ஃப்ரேமில் எண் இருக்க வேண்டிய இடத்தில் குப்பை இருந்தால் எஸ்-ஜீரோ-சி-செவன் என்று ஜாப் அங்கேயே விழும். நடு ராத்திரியில் தொலைபேசி அடிக்கும். எழுந்து போய்ச் சரிசெய்யலாம். இங்கே தொலைபேசி அடிக்காது. ஆறு மாதம் கழித்துத் தணிக்கையாளர் வந்துதான் கேட்பார்.

என்னைக் கேட்டால் முதல் நாள் முதல் மணி நேரப் பாடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். 'மூவ்' என்பதும் '=' என்பதும் ஒன்றல்ல. நாயும் பூனையும் பிறகு வரட்டும்.

அடுத்தது இதைவிட ஆபத்தானது. கோபோல் புரோகிராமில் வொர்க்கிங்-ஸ்டோரேஜ் என்று ஒரு பகுதி உண்டு. கணக்கு எண், இருப்பு, வட்டி, இடைக்கால மொத்தம் என்று எல்லாவற்றுக்கும் அங்கேதான் இடம். புரோகிராமின் எந்த மூலையிலிருந்தும் அதைத் தொடலாம். ஆன்லைன் வேலைக்கான சி.ஐ.சி.எஸ். அமைப்பில் ஒவ்வொரு பயனருடைய பரிவர்த்தனைக்கும் தனித்தனி வொர்க்கிங்-ஸ்டோரேஜை அமைப்பே கொடுத்துவிடும். புரோகிராமர் அதைப் பற்றி யோசிக்க வேண்டியதே இல்லை. இந்தப் பழக்கத்தோடு ஒருவர் ஜாவாவில் சர்வ்லெட் எழுதுகிறார் என்று வையுங்கள். கிளாஸின் மேல் பகுதியில் எல்லா மாறிகளையும் வரிசையாக அறிவிக்கிறார். பார்ப்பதற்கு வொர்க்கிங்-ஸ்டோரேஜ் போலவே அழகாக இருக்கும். ஆனால் சர்வ்லெட்டைப் பொறுத்தவரை ஒரே ஒரு ஆப்ஜெக்ட்தான். நூறு பேர் ஒரே நேரத்தில் வந்தாலும் நூறு திரெட்களும் அந்த ஒரே ஆப்ஜெக்டைத்தான் பகிர்ந்துகொள்ளும். ஒருவருடைய கணக்கு எண் எழுதப்பட்ட மறுநொடியில் இன்னொருவருடையது அதன் மேல் விழும். முதலாமவர் திரையில் இரண்டாமவருடைய இருப்பு! சோதனையில் இது தெரியாது, ஏனென்றால் சோதிப்பவர் ஒருவர்தான். ஸ்பிரிங்கிலும் இதே கதைதான்; மாற்றிச் சொல்லாவிட்டால் ஒவ்வொரு பீனும் ஒரே ஒரு பிரதிதான்.

இதை விளக்கிச் சொல்ல அரை மணி நேரம் போதும். சொல்லாமல் விட்டால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சின்னச் சின்னப் பொறிகள் இன்னும் உண்டு, வேகமாகச் சொல்கிறேன். கோபோலில் இரண்டு பெயர்களை ஒப்பிட்டால், பின்னால் இருக்கும் வெற்றிடங்கள் கணக்கில் வராது. ஜாவாவில் ஒரு வெற்றிடம் கூடினால் வேறு பெயர். அதிலும் '==' போட்டு ஒப்பிட்டால் எழுத்துகளையே பார்க்காது, இரண்டும் ஒரே ஆப்ஜெக்டா என்று மட்டும் பார்க்கும். மெயின்ஃப்ரேமின் எப்சிடிக் குறியீட்டில் எழுத்துகளுக்குப் பிறகுதான் எண்கள். ஆஸ்கியில் எண்கள் முதலில். ஏ-யில் தொடங்கும் பாலிசியும் 9-இல் தொடங்கும் பாலிசியும் வரிசையில் இடம் மாறிவிடும். வரிசையை நம்பி எழுதிய அடுத்த புரோகிராம் தடுமாறும். நான்கு இலக்க இடத்தில் 12345-ஐப் போட்டால் கோபோல் முதல் இலக்கத்தைக் கழித்து 2345 என்று வைத்துக்கொள்ளும். ஜாவாவின் இன்ட் 2147483647 வரை ஏறி, அதற்கு மேல் ஒன்று கூட்டினால் எதிர்மறை எண்ணாகிவிடும். இரண்டுமே வாயைத் திறந்து சொல்லாது.

இப்போது பணத்துக்கு வருகிறேன். இங்கேதான் கற்பிப்பவர், கற்பவர் என்ற நாற்காலிகள் இடம் மாறுகின்றன.

'பிக் எஸ்9(9)வி99 காம்ப்-3' என்று எழுதினால், பதினொரு இலக்கம், அதில் கடைசி இரண்டு பைசா, கூட்டல் கழித்தல் குறியோடு ஆறே பைட்டில் அடங்கிவிடும். 1964-இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். சிஸ்டம்/360 காலத்திலிருந்தே அந்த இயந்திரங்களின் வன்பொருளே தசம எண்ணில் கூட்டிக் கழிக்கும். எனவே கோபோல்காரருக்குப் பைசா என்றால் பைசா. நம் கல்லூரிப் பிள்ளையோ பணத்துக்கு 'டபுள்' போடுகிறது. 0.1-ஐயும் 0.2-ஐயும் டபுளில் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். இதற்குத்தான் ஜாவாவில் பிக்டெசிமல் இருக்கிறது என்பீர்கள். சரி. பிக்டெசிமலில் பத்தை மூன்றால் வகுக்கச் சொல்லிப் பாருங்கள். எங்கே நிறுத்துவது என்று நீங்கள் சொல்லாவிட்டால் எக்செப்ஷன் வீசும். உடனே நம் பிள்ளை ஹாஃப்-அப் என்று போட்டு முழுமையாக்கும்; பள்ளியில் அப்படித்தானே படித்தோம்! ஆனால் பழைய புரோகிராமில் 'ரவுண்டட்' என்ற சொல் இல்லையென்றால் கோபோல் முழுமையாக்கவே இல்லை, மிச்சத்தை வெட்டிப் போட்டிருக்கிறது என்று பொருள். அதற்கு ஜாவாவில் 'டவுன்' என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு கணக்குக்கு ஒரு பைசா. பத்து லட்சம் கணக்கு இருந்தால்? பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி ஒப்பிடும் பேரலல் ரன்னில் மொத்தம் உதைக்கும். எங்கே உதைக்கிறது என்று ஐந்து நிமிடத்தில் சொல்லக்கூடியவர், ஜாவா இன்னும் சரியாக வராத அந்த ஐம்பது வயதுக்காரர்தான்.

இவ்வளவையும் சொல்லிக்கொடுக்காமல் இலக்கணத்தை மட்டும் சொல்லிக்கொடுத்தால் என்ன விளையும் என்பதற்குத் துறையில் ஒரு பெயரே இருக்கிறது: ஜோபோல். ஜாவா போல உடுத்திய கோபோல். ஒரே கிளாஸ், அதில் முந்நூறு ஸ்டாட்டிக் மாறிகள், எதையும் வாங்காமல் எதையும் திருப்பித் தராமல் ஒன்றையொன்று அழைத்துக்கொள்ளும் மெத்தட்கள். கோபோலை ஜாவாவாக மாற்றும் கருவிகளும் வெகுகாலமாக இதைத்தான் உற்பத்தி செய்து வந்தன. கோபோல் தெரிந்தவர் படித்தால் 'இது ஜாவா' என்று விலகுவார். ஜாவா தெரிந்தவர் படித்தால் 'இது ஜாவாவே இல்லை' என்று விலகுவார். கணினி அறிவியலாளர் டைக்ஸ்ட்ரா 1975-இலேயே கோபோல் மனதை முடமாக்குகிறது, அதைக் கற்பிப்பதைக் குற்றமாகக் கருத வேண்டும் என்ற அளவுக்குக் கடுமையாக எழுதினார். எனக்கு அதில் உடன்பாடில்லை. மனதை முடமாக்குவது எந்த மொழியும் இல்லை. இருபத்தைந்து ஆண்டு ஒரே புரோகிராமை ஒட்டுப் போட வைத்துவிட்டு, வேறொன்றையும் காட்டாத நிர்வாகம் அதைச் செய்யும்.

மொழியைவிடக் கருவிகள் அதிகம் களைப்பாக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். பச்சை எழுத்துத் திரையில் எஃப்7 மேலே, எஃப்8 கீழே, எஃப்3 வெளியே என்று விரல்கள் தாமாகவே போகும். வரியின் ஏழாம் பத்தியில் நட்சத்திரம் போட்டால் குறிப்பு, எட்டிலிருந்து பாராகிராஃப் பெயர், பன்னிரண்டிலிருந்து கட்டளை, எழுபத்திரண்டோடு நிறுத்து. துளை அட்டை போய் எத்தனையோ ஆண்டுகள் ஆன பிறகும் அதன் எண்பது பத்திகள் கைக்குள் இருக்கின்றன. அப்படிப்பட்டவர் முன்னால் எக்லிப்ஸைத் திறந்து வைத்து, கிட், மேவன், ஜெயூனிட் என்று ஒரே நாளில் கொட்டினால், அவர் ஜாவா கடினம் என்று நினைத்துக்கொள்வார். அவர் திணறியது ஜாவாவில் இல்லை. கருவிக்கென்று தனியாக இரண்டு மூன்று நாள் கொடுங்கள், மொழிப் பாடத்தோடு கலக்காதீர்கள். ஜெயூனிட்டை மட்டும் முன்னால் கொண்டுவாருங்கள். வெளியீட்டுக் கோப்புகளை வரிக்கு வரி ஒப்பிட்டுச் சரிபார்ப்பது அவர்களுக்குக் கைவந்த கலை. அதையே சின்னச் சின்னத் துண்டாகச் செய்வதுதான் யூனிட் டெஸ்ட் என்று காட்டிவிட்டால் மறுநாளே எழுதத் தொடங்கிவிடுகிறார்கள்.

இனி நம் ஊர் அலுவலகத்துக்கே உரிய ஒரு சிக்கல். இருபது ஆண்டு சீனியர், நேற்று சேர்ந்த பையன் பக்கத்தில் உட்கார்ந்து சந்தேகம் கேட்பாரா? மாட்டார். வாயில் "ஓகே, ஓகே, புரியுது" என்று வரும். அந்தப் பையனும் "சார் தப்பா எழுதறீங்க" என்று சொல்ல மாட்டான். இருவரும் மரியாதையாக இருந்துகொண்டே புராஜெக்டைக் கெடுத்துவிடுவார்கள். இதற்கு நான் கண்ட வழி, இருவருக்கும் ஆளுக்கொரு பாடம் கொடுத்து இணைத்து உட்கார வைப்பது. காலையில் பையன் ஜாவா காட்ட வேண்டும். மாலையில் சீனியர் பழைய கோபோல் புரோகிராமைப் பாரா பாராவாக விளக்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு கிளை எண் வந்தால் மட்டும் வட்டியை வேறு விதமாகக் கணக்கிடும் ஒரு 'இஃப்' எங்கோ ஆயிரமாவது வரியில் இருக்கும். அது ஏன் அங்கே வந்தது, இன்னும் வேண்டுமா என்று எந்த ஆவணத்திலும் இருக்காது. பையன் அதைக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். தனக்கும் சொல்லிக்கொடுக்க ஒன்று இருக்கிறது என்றானவுடன் கேட்கும் கூச்சம் போய்விடுகிறது. என் வகுப்பில் "தம்பி, இந்த ஸ்ட்ரீம் எழவை இன்னொரு தடவை சொல்லுப்பா" என்று ஒருவர் வாய்விட்டுக் கேட்டது, இப்படி உட்கார வைத்த மூன்றாம் நாளில்தான்.

இப்போதெல்லாம் இன்னொரு கேள்வி வருகிறது: செயற்கை நுண்ணறிவே கோபோலை ஜாவாவாக மாற்றிவிடுமே, இவர்களுக்கு எதற்குப் பயிற்சி? 2023-இல் ஐ.பி.எம். நிறுவனமே அப்படி ஒரு கருவியை அறிவித்தது. இன்னும் பல வரும், இன்னும் நன்றாகவும் மாற்றும். மாற்றித் தந்தது சரியா என்று கையெழுத்துப் போடுவது யார்? பழையதையும் படிக்கத் தெரிய வேண்டும், புதியதையும் படிக்கத் தெரிய வேண்டும், வட்டிக் கணக்கும் தெரிய வேண்டும். அந்த மூன்றும் ஒரே தலைக்குள் இருக்கும் ஆளை உருவாக்கக் குறுக்குவழி, முதலும் மூன்றும் ஏற்கெனவே இருக்கும் ஒருவருக்கு இரண்டாவதைச் சொல்லிக்கொடுப்பதுதான். கருவி வர வர இவர்களுடைய தேவை குறையாது, கூடும் என்பது என் கணிப்பு.

இங்கே வந்திருக்கும் மேலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பகலில் ஜாவா வகுப்பு, இரவில் புரொடக்ஷன் சப்போர்ட் என்று ஒரே ஆளை இரண்டு பக்கமும் இழுக்காதீர்கள். பயிற்சி நடக்கும் வாரங்களில் பேஜர் வேலையை வேறொருவருக்கு மாற்றிக் கொடுங்கள். அந்த ஆண்டு அப்ரைசலில், நேற்று வந்த ஜாவா பையனோடு அவரை ஒப்பிட்டு மதிப்பெண் போடாதீர்கள். பயிற்றுநர்களுக்கும் ஒன்று: முதல் நாள் வகுப்புக்கு வரும்போது, அவரவர் எழுதிப் பராமரித்த கோபோல் புரோகிராம்களில் ஐந்நூறு வரிக்குள் அடங்கும் ஒன்றை அச்செடுத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். பயிற்சி முடியும் நாளில் அதே புரோகிராம் ஜாவாவில், அதே உள்ளீட்டுக்கு அதே வெளியீட்டை, கடைசிப் பைசா வரை தர வேண்டும். தேர்வு அது ஒன்று போதும்.